சிறு டிராக்டரில் கழற்றி மாட்டும் தோண்டு யந்திரம்

தோட்டக்கால் நிலங்களில் மண் தோண்டும் வேலைக்கு முடிவே இல்லை. நீர்க்குழாய் புதைத்தல், வடிகால் வெட்டுதல், பட்ட மரங்களின் வேர்க்கட்டையைப் பெயர்த்தல் முதலியன ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். தென்னந்தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 அடிக்கு ஒரு கன்றாக வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 குழிகள் வேண்டும். மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள ஒரு குழியிலிருந்து 27 கன அடி மண் வெளிவரும். அதன் எடை ஒரு டன்னுக்கு மேற்படும். மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு இவ்வளவு மண்ணை எடுத்துப்போட ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது.

கிராமங்களில் ஜே.சி.பி. என்றே வழங்கும் பெரிய யந்திரத்தை வாடகைக்கு அமர்த்துவது வழக்கம். அதன் எடை 7 டன்னுக்கு மேற்பட்டது. ஈர நிலத்தில் அது செல்லும் தடமெல்லாம் மண் இறுகிப்போகும். மர வரிசைகளுக்கிடையே திரும்பவும் இடம் போதாது. ஆகையால் 20 முதல் 40 குதிரைச் சக்தியுள்ள சிறு டிராக்டரின் பின்புறத்தில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கக்கூடிய தோண்டு யந்திரம் சில நிலங்களுக்குப் பெரிதும் ஏற்றது. இதனைப் பேக்ஹோ என்பர்.

யந்திரத்தின் அமைப்பு

மேற்கை, முன்கை, பல் வைத்த வாளி ஆகிய மூன்றும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உருளைகளால் அசைகின்றன. இருபுறமும் தரையில் ஊன்றும் இரு கால்கள் டிராக்டரை நிலைநிறுத்துகின்றன. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் பூட்டிய பம்பு அல்லது டிராக்டரின் சொந்த எண்ணெய்ப் பம்பு இதற்கு வேண்டிய அழுத்தத்தைத் தரும். சிறு டிராக்டரில் மாட்டும் யந்திரங்கள் பெரும்பாலும் 6 முதல் 8 அடி ஆழம் வரை தோண்டவல்லன. பாறையை உடைக்க இவை பயன்படா.

மாட்டும் முறையே முக்கியம்

வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது யந்திரம் டிராக்டரில் எவ்விதம் பொருந்துகிறது என்பதேயாகும். கலப்பையை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பிலேயே மாட்டுவது ஒரு முறை. இது சுலபமானதாயினும் அபாயம் நிறைந்தது. வாளி கடின மண்ணில் பற்றி இழுக்கும்பொழுது அதன் விசை முழுவதும் டிராக்டரின் பின்கூட்டில் விழும். சிறு டிராக்டர்களில் எஞ்சின், கியர்ப் பெட்டி, பின்கூடு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டுகளால் இணைக்கப்பட்டு, அவையே முதுகெலும்பாக அமைந்திருக்கின்றன. ஓயாத இழுப்பினால் அக்கூடு விரிசல் விடக்கூடும். மேல் இணைப்புக்கம்பி முறிந்தாலோ, யந்திரம் ஓட்டுபவர் மீதே மடங்கி விழக்கூடும்.

டிராக்டரின் அடியில் முன்பக்கம் வரை செல்லும் இரும்புச் சட்டத்தில் மாட்டுவது மற்றொரு முறை. இதில் தோண்டும் விசை டிராக்டரின் நீளம் முழுவதிலும் பரவுகிறது. விலை சற்று அதிகமாயினும் இதுவே தக்க முறையாகும்.

தோண்டும்பொழுது

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, ஊன்றுகால்களை உறுதியான மண்ணில் இறக்குக. முன்புறம் மண்வாரி இருப்பின் அதனையும் தரையில் பதிய வைக்க வேண்டும். வாளியை ஆழமாகக் குத்தாமல், முன்கையை உள்ளிழுத்து மண்ணை மெல்லிய படலமாக வாருவதே முறை. டிராக்டரை ஓட்டி வாளியை இழுப்பதும், வாளியைப் பக்கவாட்டில் வீசி மண்ணைத் தள்ளுவதும் கூடா. ஊன்றுகாலின் அடிமண்ணைத் தோண்டினால் டிராக்டர் பள்ளத்தில் சரியும். சரிவான நிலத்தில் எடுத்த மண்ணை மேட்டுப் பக்கமே கொட்டுக. நிறைந்த வாளியைப் பள்ளப் பக்கம் வீசினால் டிராக்டர் கவிழக்கூடும்.

மனிதர் இறங்கும் பள்ளத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடையுள்ளது. கரை சரிந்தால் மார்பளவு புதைந்தவரும் மூச்சுவிட இயலாமல் இறப்பர். அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிகள், உறுதியான பாறையைத் தவிர, 5 அடி அல்லது அதற்கு மேற்பட்ட ஆழமுள்ள பள்ளங்களுக்குக் கரைத்தடுப்பு முதலிய காப்பு வேண்டும் என்கின்றன. எடுத்த மண்ணைக் கரையிலிருந்து 2 அடிக்கு அப்பால் வைக்கவும் விதிக்கின்றன. இவ்விதிகள் எங்கும் பின்பற்றத்தக்கன. ஈரமண்ணிலும் மணற்பாங்கிலும் இதைவிடக் குறைந்த ஆழமும் ஆபத்தானதே.

எண்ணெய்க் குழாயில் கசிவு காணின் அதனைக் கையால் தடவிப் பார்க்கலாகாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கசிவை அட்டைத்துண்டால் சோதிப்பதே நலம்.

கழற்றும்பொழுது

கெட்டியான சமதளத்தில் ஊன்றுகால்களையும் வாளியையும் தரையில் பதித்து, யந்திரம் தானே நிற்கும்படி செய்க. எஞ்சினை நிறுத்தி, நெம்புகோல்களை அசைத்து எண்ணெய் அழுத்தத்தை நீக்கிய பின்னரே குழாய்களையும் ஊசிகளையும் எடுக்க வேண்டும். பின்புற எடை நீங்கிவிடுவதால், முன்புற மண்வாரியைப் பயன்படுத்துமுன் பின்புறத்தில் வேறு எடை மாட்டுதல் அவசியம்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

தோண்டுமிடத்தில் குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ புதைந்துள்ளதா என்பதை முன்னதாக விசாரித்து உரியவருக்கு அறிவித்தல் வேண்டும். மேலே செல்லும் மின்கம்பிகளைக் கை தீண்டாதவாறு பார்த்துக்கொள்வதும், பொது வாய்க்கால் கரைகள் வெட்டுப்படாமல் காப்பதும் அவசியம்.

வாங்குவதா, வாடகையா?

ஒரே முறை குட்டை வெட்டுவோருக்குப் பெரிய யந்திரத்தின் வாடகையே சிக்கனம். ஆண்டுதோறும் பல நாட்கள் சிறு வேலை உள்ளவருக்கும், பலர் கூடி ஒன்றை வாங்குவோருக்கும் கழற்றி மாட்டும் யந்திரம் அனுகூலமானது. எவ்வாறாயினும், வாங்குமுன் விலையை மட்டும் பாராமல், அடிச்சட்டம் தம் டிராக்டருக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பவரே பின்னர் வருந்தாதிருப்பர்.