குணமான பிறகும் தேவை கவனம்

சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் திரும்பி வரும் இயல்பும் அதற்கு உண்டு. அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற 196 வளரிளம் பருவத்தினரை ஐந்தாண்டுகள் கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஏறத்தாழ அனைவரும் குணமடைந்திருந்தனர். ஆனால் அவர்களில் சுமார் 47 சதவீதத்தினருக்கு நோய் மறுபடி வந்தது. பையன்களைவிடப் பெண்பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர்.

பிள்ளை சிரிக்கத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அறிகுறிகள் மறைந்த பின்னும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மருந்து தொடர வேண்டும். நிறுத்தும்போதும் மருத்துவர் சொற்படி அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். திடீரென விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல் வரலாம். 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃப்ளூவாக்சிடின் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 42 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. மருந்தில்லா மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் அது 69 சதவீதம்.

மருந்தைத் தொடர்ந்தவர்களிலும் 42 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியதிலிருந்தே, மருந்து மட்டும் போதாது என்பது தெரிகிறது. வேறோர் ஆய்வில், சோர்வூட்டும் எண்ணங்களை இனங்கண்டு மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்தபோது, 30 வாரங்களில் நோய் திரும்பியவர்கள் 9 சதவீதமே. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26.5 சதவீதம். இந்த முடிவு 2014-இல் வெளியானது.

இத்தகைய சிகிச்சையில் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து, நோய் திரும்புவதன் முன்னறிகுறிகளை ஒரு தாளில் எழுதி வைப்பதுண்டு. டிபன் பாக்ஸ் காலியாகாமல் திரும்பி வருவது, நள்ளிரவு தாண்டியும் தூங்காதது, தோழியின் போனை எடுக்காதது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் அவை வேறுபடும். அவற்றைக் கண்டால் முதலில் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பதும் அதே தாளில் இருக்கும்.

ஒழுங்கான தூக்கம், தினமும் விளையாட்டு, சண்டை சச்சரவு குறைந்த வீடு, கேலியும் மிரட்டலும் இல்லாத பள்ளி ஆகியவை பெரும் துணை. தாய்க்கு மனச்சோர்வு இருந்தால் அவருக்கும் சிகிச்சை தேவை. தாய் தேறும்போது பிள்ளையின் நிலையும் மேம்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்தியாவில் டெலி மனஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். பிள்ளை தேறிவிட்டது என்று மருத்துவமனைக்குப் போவதைப் பெற்றோர் நிறுத்திவிட வேண்டாம். நோய் திரும்பாமல் காப்பதும் சிகிச்சைதான்.