பாரிஸில் அரை டிக்கெட்

பேருந்து நடத்துநரிடம் என் வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட் வாங்குவார் அம்மா. விமானத்தில் அது செல்லாது! பன்னிரண்டு வயது நிறைந்தால் அங்கே பெரியவர் கட்டணம்தான். ஆகவே பதிமூன்று, பதினாறு வயதுப் பிள்ளைகளோடு பாரிஸ் நகரைக் காணச் செல்லும் பெற்றோர் நான்கு முழு டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். விசாவும் அப்படியே, 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ, நால்வருக்கு 360. பாரிஸ் மெட்ரோ ரயிலிலோ பத்து வயதிலேயே முழு டிக்கெட்.

பாரம் குறைவது அருங்காட்சியக வாசலில்தான். லூவர், ஓர்சே இரண்டிலும் பதினெட்டு நிறையாதோர்க்கு, எந்நாட்டவராயினும், அனுமதி இலவசம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஈபிள் கோபுரத்தில் 12 முதல் 24 வயது வரை ஏறக்குறையப் பாதிக் கட்டணம். லிஃப்ட்டை விட்டுப் படியேறினால் இன்னும் மலிவு. இரண்டாம் தளத்துக்கு 674 படிகள். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், அப்பாவின் முழங்காலைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்க.