மலைச்சரிவில் ஓர் ஆய்வுக்களம்: போடிநாயக்கனூர் – ஏலமலைப் பகுதியில் வரலாறு, புவியியல் ஆய்வாளர்களுக்கான கல்விசார் வாய்ப்புகள்

ஆய்வுச்சுருக்கம்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும் அதற்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளும் தொழிலாலும் உழைப்பாலும் ஒன்றாக இணைந்த நிலப்பரப்பு ஆகும். எனினும் அது இரு மாநிலங்களுக்கும், இரு ஆவணக்காப்பகங்களுக்கும், இரு கல்வித்துறைகளுக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. இப்பிரிவினால் விடுபட்டுப்போன வினாக்களே வரலாறு, புவியியல் ஆய்வாளர்களுக்குரிய வாய்ப்புகள் என்பதையும், அவற்றுக்குத் துணைசெய்யும் சான்றுகள், நிதிநல்கைகள், பயிற்சிகள் எவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: போடிநாயக்கனூர், ஏலமலை, ஆவணக்காப்பகம், நிலவரைபடம், ஆய்வு உதவித்தொகை.

முன்னுரை

வரலாறு, புவியியல் ஆகிய துறைகளில் முதுகலை முடித்து ஆய்வுக்கு வருவோர், வாய்ப்பு என்றால் முதலில் உதவித்தொகைகளின் பட்டியலையே தேடுகின்றனர். பட்டியல் கிடைப்பது இன்று அரிதன்று. அப்பட்டியலில் உள்ள நிறுவனம் ஏற்கத்தக்க வினாவை அமைப்பதே அரிது. இக்கட்டுரையாளர் முதலில் எழுதிய ஆய்வுத்திட்டம் ‘போடிநாயக்கனூர் வட்டார வரலாறு’ என்னும் தலைப்பில் அமைந்தது. அதனைப் பரிசீலித்த குழு, இடம் இருக்கிறது, ஆய்வுச்சிக்கல் இல்லை என்று கூறித் திருப்பியனுப்பியது. ஓராண்டு வீணானது. அக்கருத்து சரியானதே என்பது பின்னர்க் களத்திற்குச் சென்றபோது விளங்கிற்று. ஆகவே இக்கட்டுரை, வாய்ப்புகளை வினாக்களிலிருந்து தொடங்கி விளக்க முற்படுகிறது.

ஒரே சரிவு, இரு தொகுதிச் சான்றுகள்

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. அங்கிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடையும்போது உயரம் 1,300 மீட்டரைக் கடந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை நனைக்கும் மேற்குப்புறத்தில் ஏலக்காய் விளைகிறது. கீழே வறண்ட சமவெளியில் அது தரம் பிரிக்கப்பட்டு விற்பனையாகிறது. விளையும் இடமும் விற்கும் இடமும் இவ்வாறு பிரிந்திருப்பதற்கு நிலவமைப்பு ஒரு காரணம். அரசியல் எல்லை மற்றொரு காரணம். மலைமுகட்டின் கிழக்கே சென்னை மாகாணமும் மேற்கே திருவிதாங்கூர் அரசும் இருந்தன.

இவ்வெல்லை சான்றுகளையும் இரண்டாகப் பகுத்தது. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடி 1906ஆம் ஆண்டில் வெளிவந்தது. வி. நாகமையா எழுதிய திருவிதாங்கூர் அரசுக் கையேடும் அதே 1906ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. முன்னது மலையைக் கீழிருந்து பார்க்கிறது. பின்னது மேலிருந்து பார்க்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஊர்ப்பெயர், பாதை, சுங்கச்சாவடி, குடிகள் ஆகியவற்றை ஒப்பிடுவதே ஒரு தனிக் கட்டுரைக்குரிய பணியாகும். இவற்றுக்கும் முன்னதாக, திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் நிலப்பரப்பை வார்டு, கானர் ஆகியோர் 1816 முதல் 1820 வரை அளந்தனர். அவர்களுள் வார்டு, மதுரை – திண்டுக்கல் பகுதியையும் அளந்து குறிப்பு எழுதியவர். சரிவின் இருபுறத்தையும் ஒருவரே நடந்து கண்ட பதிவு என்னும் வகையில் அது வரலாற்றாய்வாளருக்கும் புவியியலாளருக்கும் பொதுவான முதன்மைச் சான்றாகும்.

ஆவணங்களைத் தேடுவோர் இன்றைய மாவட்டப் பெயர்களை நம்பிச் செல்லலாகாது. தேனி மாவட்டம் 1996இல் உருவானது. அதற்கு முந்தைய கோப்புகளை மதுரை மாவட்டத்தின் பெயரிலேயே தேடவேண்டும். இடுக்கி மாவட்டம் 1972இல் உருவானது. அதற்கு முந்தைய ஏலமலைக் கோப்புகள் பலவும் கோட்டயம் மாவட்டத்தைச் சார்ந்தவை. போடி ஜமீன் நிலங்களின் மாற்றத்தை அறிய, 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டத்தின்வழி ஜமீன்கள் ஒழிக்கப்பட்டு இரயத்துவாரியாக மாற்றப்பட்டபோது எழுந்த நிலவரித்திட்ட ஆவணங்களை நாடவேண்டும். இச்சிறு செய்தியை அறியாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்து களப்பணிக் காலத்தை இழப்போர் உண்டு.

ஓர் எண்ணில் தங்கிய வழக்கு

இத்தகைய ஆய்வால் என்ன பயன் என்று வினவுவோருக்கு ஏலமலைக் காப்புநிலச் சிக்கலே விடையாகும். திருவிதாங்கூர் அரசு 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவிக்கையின்படி காப்புநிலத்தின் பரப்பு 15,720 ஏக்கர் என்று ஒரு சாராரும், 2,15,720 ஏக்கர் என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். முன்னால் நிற்கும் ஓர் இலக்கமே இரண்டு இலட்சம் ஏக்கர் நிலத்தின் தன்மையை மாற்றிவிடுகிறது. நிலம் வருவாய்த்துறையைச் சார்ந்தது, அதன்மேல் நிற்கும் மரங்கள் வனத்துறையைச் சார்ந்தவை என்னும் இரட்டை நிருவாகமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ள இவ்வழக்கின் முடிவு, அங்குள்ள விவசாயிகளின் பட்டாவையும் காட்டின் எதிர்காலத்தையும் ஒருசேரப் பாதிக்கும்.

இச்சிக்கலில் இரு துறைகளும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. அறிவிக்கையின் பல்வேறு படிகளை ஒப்பிட்டு அதன் பாடத்தை நிறுவுவது வரலாற்றாய்வாளரின் பணி. அதில் சொல்லப்பட்ட எல்லைக்குறிகளை, அதாவது ஓடை, முகடு, பாதை ஆகியவற்றை, நிலத்தில் அடையாளங்கண்டு பரப்பைக் கணக்கிடுவது புவியியலாளரின் பணி. ஆவணத்தை மட்டும் படிப்பவர் எல்லையைக் காணமாட்டார். நிலப்படத்தை மட்டும் பார்ப்பவர் அவ்வெல்லை வகுக்கப்பட்ட காரணத்தை அறியமாட்டார். தீர்ப்பு வழங்குவது ஆய்வாளரின் வேலையன்று. சான்றினை ஐயமற அமைத்துக் கொடுப்பது அவருடைய வேலை.

பாதைகளும் உழைப்பும்

மூணாறு மலையில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் வழியாக டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிப் பகுதிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அம்மலை இரயிலை அழித்தது. மதுரை – போடி இரயில் பாதையோ 1928இல்தான் திறக்கப்பட்டது. மேலே ஓர் இரயில் அழிந்த நான்கே ஆண்டுகளில் கீழே ஓர் இரயில் வந்தது எனில், அது எந்தச் சரக்கை நம்பி வந்தது? மலையின் வாணிகம் எவ்வழியே திரும்பியது? அதே பாதை அகலப்படுத்தும் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் போடி வரை இயங்கியது. இரயில் இல்லாத அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் நகரின் வாணிகத்தை எவ்வாறு மாற்றின என்பது, கண்டவர்கள் வாழும் காலத்திலேயே ஆராயத்தக்கது.

இவற்றினும் அவசரமானது உழைப்பாளர் வரலாறு. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறிக் காய் பறித்து, மாலையில் வீடு திரும்புகின்றனர். வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மற்றொரு மாநிலத்திலும் இருப்பதால், குடியிருப்பை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்புகளில் அவர்களது அன்றாடப் பயணம் தெளிவாகப் பதிவாவதில்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்து, தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றதன் விளைவை, அரசியல் மேடைப் பேச்சுகளில் தேடுவதைக் காட்டிலும் இவர்களின் வாய்மொழியில் தேடுவது பொருத்தமாகும். மூத்த தலைமுறையினரின் நினைவு நாளுக்கு நாள் குறைந்துவருகிறது. ஆவணங்களைப் போல அது காத்திருக்காது.

கட்டணமின்றிக் கிடைக்கும் தரவுகள்

களப்பணிக்கு முன்பே வீட்டிலிருந்து தொடங்கக்கூடிய பணிகள் பல. நறுமணப் பொருள்கள் வாரியம், போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் நடைபெறும் ஏலக்காய் மின்னேலங்களின் வரத்து, விற்பனை அளவு, உயர்ந்த விலை, சராசரி விலை ஆகியவற்றை நாள்தோறும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத்துறை 1901 முதலான மழைத்தரவைக் கட்டத்தரவாக வழங்குகிறது. இவ்விரண்டையும் இணைத்தாலே மழைக்கும் விலைக்கும் உள்ள உறவு குறித்து ஆராயலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1960களின் கொரோனா உளவுப்படங்கள் 1995இல் பொதுவெளிக்கு வந்தன. 1990களில் பரவிய ஞள்ளானி இன ஏலச்செடி, நிழல்மரங்களின் அடர்த்தியை எவ்வாறு மாற்றியது என்பதை இவற்றின் துணைகொண்டு அளக்க இயலும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டுவரைபடங்கள் இதற்கு அடிப்படையாகும். இடுக்கி மாவட்ட மயிலாடும்பாறையில் 1978 முதல் இயங்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனத்தையும் அணுகலாம். தேனி மாவட்டத்திலும் ஒரு மயிலாடும்பாறை இருப்பதால் முகவரியில் கவனம் தேவை.

வினாவுக்கேற்ற நிதிநல்கை

தேசியத் தகுதித் தேர்வில் வரலாற்றுக்குப் பாட எண் 06, புவியியலுக்கு 80. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இளநிலை உதவித்தொகைக்குப் பொதுப்பிரிவினர் 30 வயதைக் கடந்திருக்கலாகாது; பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. 2024 முதல் இத்தேர்வு மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. உதவித்தொகை பெறாத பிரிவினருக்கு அது ஓராண்டே செல்லும். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வையும் கருத்திற் கொள்ளலாம்.

ஆவணத்தை மையமாகக் கொண்ட வினா எனில், 1972இல் நிறுவப்பட்ட இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் பொருத்தமானது. அதன் ஆய்வுப்பயண நல்கை, திருவனந்தபுரம் ஆவணக்காப்பகத்திற்குச் சென்று தங்கிப் படிக்க உதவும். உழைப்பு, இடப்பெயர்வு, நிலப்பயன்பாடு குறித்த வினா எனில், 1969இல் நிறுவப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகையை நாடலாம். திருவிதாங்கூர் ரெசிடென்சியின் ஆவணங்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளமையால், சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளையின் குறுகிய கால ஆய்வு நல்கைக்கும் இக்களம் இடந்தருகிறது. அழியும் நிலையிலுள்ள தனியார் ஆவணங்களை மின்னுருவாக்க, அதே நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004 முதல் நிதி வழங்கிவருகிறது. போடியின் பழைய வாணிக இல்லங்களில் கணக்கேடுகள் எஞ்சியிருப்பின் அவற்றுக்கு இது ஏற்ற வழி. ஒவ்வொரு திட்டத்தின் இறுதிநாளையும் தகுதியையும் அவ்வாண்டு அறிவிப்பில் சரிபார்த்தல் இன்றியமையாதது.

பயிற்சி என்னும் இடைவெளி

நல்கை கிடைத்தும் பணி நடவாமைக்குப் பயிற்சிக் குறைவே பெரும்பாலும் காரணமாகிறது. நம் பாடத்திட்டங்களில் வரலாற்று மாணவர் நிலவரைபடத்தைக் கையாளும் வாய்ப்புக் குறைவு. புவியியல் மாணவர் ஆவணக்காப்பகத்திற்குள் செல்லும் வாய்ப்பு அதனினும் குறைவு. முன்னவருக்குத் தேராதூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமின்றி நடத்தும் இணையவழிக் குறும்படிப்புகள் உதவும். பின்னவர் ஆவணவியலின் அடிப்படைகளை வரலாற்றுத் துறையினரிடம் கற்கலாம். இருவருக்கும் மலையாள எழுத்தறிவு தேவை. திருவிதாங்கூரின் பழைய ஓலை ஆவணங்களுக்கு வட்டெழுத்துப் பயிற்சியும் தேவை; அதனைத் தமிழ்நாட்டிலேயே கல்வெட்டியல் படிப்புகளில் கற்க இயலும் என்பது தமிழ் ஆய்வாளருக்கு வாய்த்த நன்மை.

முனைவர் பட்டத்திற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் குறைந்தது மூன்று ஆண்டுகளும் மிகுந்தது ஆறு ஆண்டுகளும் வரையறுக்கின்றன. இதில் முதல் ஆறு மாதங்களை மொழிக்கும் வரைபடத்திற்கும் ஒதுக்குவது இழப்பன்று. நெறியாளர்களும் பிற துறையாசிரியர் ஒருவரை ஆய்வுக்குழுவில் சேர்த்துக்கொண்டால் இவ்விடைவெளி பெருமளவு குறையும்.

முடிவுரை

போடிச் சரிவில் ஆய்வுப்பொருளுக்குப் பஞ்சமில்லை. 1906ஆம் ஆண்டின் இரு நூல்களை ஒப்பிடுதல், 1897ஆம் ஆண்டு அறிவிக்கையின் எல்லையை நிலத்தில் காணுதல், இரயில் வந்ததும் நின்றதும் விளைவித்த மாற்றத்தை அளத்தல், மலையேறும் பெண்களின் வாய்மொழியைப் பதிவுசெய்தல் ஆகிய நான்கும் நான்கு தனி ஆய்வேடுகளாக விரியத்தக்கவை. ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றும் நல்கையும் மேலே சுட்டப்பட்டுள்ளன. இந்நான்கனுள் முதல் மூன்றும் சில ஆண்டுகள் பொறுக்கும், நான்காவது பொறுக்காது. எனவே புதிதாகப் பதிவுசெய்யும் ஆய்வாளர்கள் அதனையே முதலில் மேற்கொள்வது நன்று என்பது இக்கட்டுரையின் பரிந்துரையாகும்.