விசில் வராத குக்கர்

சிம்பாங் பூலாயிலிருந்து மலைப்பாதையில் ஏறி வருகிறவர்களுக்குக் கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் கம்போங் ராஜா. அங்கும் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் விடியற்காலைக் குளிர் எப்படியிருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் குளிரில் எழுந்து, பெரியவர்களை வேலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டிய தாய்மார்களுக்குப் பிரஷர் குக்கர் ஒரு பெரிய துணை. அந்தத் துணை ஒருநாள் விசில் அடிக்காமல் மௌனமாகிவிட்டால் என்ன செய்வது? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில், இந்தப் பாத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கடற்கரையில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். உயரம் கூடக் கூட, நம்மை அழுத்தும் காற்றின் பாரம் குறைகிறது. தண்ணீரும் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். தானா ராத்தா இருக்கும் 1,440 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்குமேல் ஏறாது. பருப்பும் கொண்டைக்கடலையும் மலையில் வேகத் தாமதமாவது இதனால்தான்.

இதற்கு ஒரு வழி கண்டவர் டெனிஸ் பாப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர். ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும் என்று அறிந்து, 1679ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் ஒரு பாத்திரத்தைச் செய்து காட்டினார். அது வெடித்துவிடாமலிருக்க, மிஞ்சிய ஆவியை வெளியே விடும் வால்வு ஒன்றையும் சேர்த்தே அமைத்தார். ஆவியை அடைப்பது, மிஞ்சியதை விடுவது என்ற இரண்டு வேலைகளைத்தான் இன்று நம் வீட்டுக் குக்கரும் செய்கிறது.

மூடியிலுள்ள ரப்பர் வளையம், அதாவது கேஸ்கட், ஆவியை அடைக்கிறது. மூடியின் நடுவிலுள்ள சிறிய குழலின்மேல் நாம் வைக்கும் விசில், உண்மையில் ஓர் எடைக்கல். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்ற அளவுக்கு அழுத்தம் ஏறியதும் ஆவி அந்த எடையைத் தூக்கிக்கொண்டு வெளிவருகிறது. மூன்றாவதாக, மூடியில் பதித்த சேஃப்டி வால்வு இருக்கிறது. குழல் அடைபட்டாலோ உள்ளே தண்ணீர் வற்றிச் சூடு மிஞ்சினாலோ, அது உருகியோ திறந்தோ ஆவிக்கு வழிவிடும்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன்களில் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள் இருக்கும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று தேடுவார்கள். நம் குக்கரில் முள் கிடையாது. விசில்தான் நமக்கு முள். அந்த விசில் வரவில்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, உள்ளே போதிய ஆவி உண்டாகவில்லை. இரண்டு, உண்டாகும் ஆவி வேறு வழியாகத் தப்பிப்போகிறது. மூன்று, ஆவி உண்டாகியும் வெளிவர வழியில்லை. முதலாவதில் நேரம் வீண். இரண்டாவதில் எரிவாயுவும் சேர்ந்து வீண். மூன்றாவது உயிருக்கே ஆபத்து. வெளியே நின்று பார்த்தால் மூன்றும் ஒரே மௌனந்தான். ஆகவே, எது என்று பிரித்தறியாமல் எதையும் செய்யக்கூடாது.

பிரித்தறியச் சுலபமான வழி ஒன்று உண்டு. மூடியைப் போட்டதும் விசிலை வைத்துவிடாதீர்கள். குழல் வழியே ஆவி தாரையாக வரும்வரை காத்திருந்து, அதன்பிறகு வையுங்கள். ஆவி வந்தால் குழலில் அடைப்பில்லை, உள்ளே தண்ணீரும் கொதிக்கிறது என்று இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். நெடுநேரமாகியும் வரவில்லையென்றால் அடுப்பை அணைத்து, நன்றாக ஆறவிட்டுத் திறந்து பாருங்கள். தண்ணீர் போதவில்லையா, தோம்பில் கேஸ் தீர்ந்து தீ மங்கிவிட்டதா, குழலில் ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

குழலில் ஆவி நன்றாக வந்தது, விசிலை வைத்த பிறகு அழுத்தம் ஏறவில்லை என்றால், அது கசிவு. எங்கே கசிகிறது என்று ஆவியே காட்டிக்கொடுக்கும். கையை அருகில் கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.

மூடியின் விளிம்பில் ஆவி சீறினால் கேஸ்கட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு பருக்கை ஒட்டியிருந்தால்கூடக் கசியும். கழுவித் துடைத்து மறுபடி பொருத்துங்கள். வளையம் வெடித்திருந்தாலோ, விறைத்திருந்தாலோ, தளர்ந்து நழுவினாலோ புதியது வாங்குவதே சரி. வாங்கும்போது குக்கரின் பெயரையும் லிட்டர் அளவையும் சொல்லி வாங்குங்கள். ஒன்றின் வளையம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. புதிய வளையத்திலும் கசிந்தால் பாத்திரத்தின் விளிம்பைப் பாருங்கள். கரண்டியை விளிம்பில் தட்டித் தட்டி அது நெளிந்திருக்கக்கூடும்.

விசிலின் அடியில் ஆவி ஓயாமல் மெல்லக் கசிந்தால், எடை சரியாக உட்காரவில்லை அல்லது அடியில் அழுக்கு இருக்கிறது. வேறொரு குக்கரின் விசிலை மாற்றி வைத்திருந்தாலும் இப்படி ஆகலாம். விசிலின்மேல் கரண்டியையோ கல்லையோ பாரமாக வைப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அந்தப் பாத்திரம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்கிட்டுத்தான் அந்த எடையைச் செய்திருக்கிறார்கள்.

சேஃப்டி வால்வில் ஆவி வந்தால், அது தளர்ந்திருக்கிறது அல்லது உருகிவிட்டது. உருகியிருந்தால் புதியதைப் போடுவதோடு நின்றுவிடாமல், ஏன் உருகியது என்றும் கேளுங்கள். தண்ணீர் வற்றியிருக்கும், இல்லாவிட்டால் குழல் அடைபட்டிருக்கும். அந்த ஓட்டையை ஈயத்தாலோ திருகாணியாலோ அடைப்பது, ஆவியின் கடைசி வாசலுக்குப் பூட்டுப் போடுவதாகும்.

இனி ஆபத்தான மௌனத்துக்கு வருவோம். தண்ணீர் இருக்கிறது, தீ நன்றாக எரிகிறது, ஆனால் விளிம்பிலும் விசிலிலும் எங்குமே ஆவி இல்லை. குழல் அடைபட்டிருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உடனே அடுப்பை அணையுங்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். குக்கரை அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. வழக்கமாக விசிலை மெல்லத் தூக்கிப் பார்த்து, ஆவி வராவிட்டால் அழுத்தம் இறங்கிவிட்டது என்று மூடியைத் திறக்கிறோம். குழல் அடைபட்டிருக்கும்போது இந்தச் சோதனை பொய் சொல்லும். உள்ளே அழுத்தம் முழுமையாக இருந்தாலும் ஆவி வராது. ஆகவே, பாத்திரம் முற்றிலும் குளிரும்வரை, அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ ஆனாலும், காத்திருங்கள். அப்போதும் மூடி இடக்குப் பண்ணினால் பலவந்தப்படுத்தாதீர்கள். வேலைக்கு நேரமாகிவிட்டால் அன்றைக்கு வேறு கறியோடு போகலாம். முகத்தில் கொதிநீர் தெறித்தால் அந்தத் தழும்பு ஆயுளுக்கும் போகாது.

குழல் ஏன் அடைபடுகிறது? பெரும்பாலும் அளவுக்கு மீறி நிரப்புவதால்தான். பருப்பு, கடலை, அரிசி போல நுரைத்துப் பொங்குபவை தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்குமேல் இருக்கக்கூடாது. மற்றவை மூன்றில் இரண்டு பங்குக்குமேல் வேண்டாம். பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஒவ்வொரு முறையும் கழுவும்போது மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழல் வழியே பாருங்கள். வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய கம்பியால் குத்திக் கழுவுங்கள்.

நிறைவாக, "மலைக் குளிர் அம்மா, இங்கே எல்லாமே மெதுவாகத்தான் வேகும்" என்று சொல்லிப் பழுதான குக்கரோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நல்ல குக்கரில் சமவெளியில் 120 டிகிரி சூடு கிடைத்தால் தானா ராத்தா உயரத்தில் 117, 118 டிகிரி கிடைக்கும். ஈப்போவில் 10 நிமிடத்தில் வேகும் பருப்புக்கு இங்கே 11 அல்லது 12 நிமிடம் ஆகலாம், அவ்வளவுதான். 20 நிமிடம் ஆகிறதென்றால் மலையைக் குறை சொல்லாதீர்கள், குக்கரைப் பாருங்கள்.

இதற்கு வீட்டிலேயே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். குக்கர் நல்ல நிலையில் இருக்கும்போது இரண்டு குவளை வெறுந்தண்ணீரை ஊற்றி, வழக்கமான தீயில் வைத்து, முதல் விசில் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதே அளவுத் தண்ணீரோடு, அதே தீயில் மறுபடி பாருங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் எங்கோ கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வார இறுதியிலேயே கடைக்குப் போய் ஒரு கேஸ்கட் வாங்கிவிடலாம். அதற்குக் கொடுக்கும் காசு, கேஸ் தோம்பிலேயே உங்களுக்குத் திரும்பிவிடும்.