வெறும் பெட்டி போதும்

தேனீக்களை இரவில்தான் வண்டி ஏற்றுவார்கள். பொழுது சாய்ந்து, மேயப் போனவை எல்லாம் கூடு திரும்பிய பிறகு பெட்டியின் வாசலை வலைத்துணியால் அடைப்பார்கள். உள்ளே சட்டங்கள் ஆடாதபடி இறுகக் கட்டி, வண்டியில் அடுக்குவார்கள். விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அடைபட்ட தேனீக்கள் புழுங்கிச் செத்துப்போகும். தமிழ்நாட்டில் புதிதாகத் தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெட்டியும் தேனீக் குடும்பமும் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இப்படித்தான் வந்து சேர்கின்றன. அங்கிருந்து கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி நானூறு கிலோமீட்டருக்கும் மேல்.

பொந்துத் தேனீ என்றும் அடுக்குத் தேனீ என்றும் நாம் சொல்லும் இந்தியத் தேனீ, இரை தேடிக் கூட்டை விட்டுப் போகும் தூரம் பெரும்பாலும் ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கூட்டம் பிரிந்து புதிய பொந்து தேடிப் போனாலும் வெகுதூரம் போய்விடாது. தன் சிறகை மட்டும் நம்பி அது தலைமுறை தலைமுறையாகக் கடக்க வேண்டிய தொலைவை ஒரு வேன் ஒரே இரவில் கடந்துவிடுகிறது. தேனீக்குள் நோய் இருந்தால் அதுவும் கூடவே வந்து இறங்குகிறது.

கல்வராயன் மலையில் தேனீ வளர்ப்பு பெருக வேண்டும் என்பதுதான் என் ஆசையும். அதற்குப் பெட்டி வரட்டும், பயிற்சி வரட்டும். தேனீயை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் வெள்ளிமலை. சுற்றிலும் 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்த மலைகள். மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட மதிலாக நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி அப்படியில்லை. ஜவ்வாது, சேர்வராயன், சித்தேரி, கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. இடையில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளைகிற சமவெளி. இப்படித் தனித்து நிற்கும் மலைகளை உயிரியலாளர்கள் வானத் தீவுகள் என்கிறார்கள்.

தேனீயைப் பொறுத்தவரை இது முழுத் தீவு இல்லைதான். கீழே சமவெளியிலும் புளியமரப் பொந்திலும் பாழுங்கிணற்றுச் சுவரிலும் பொந்துத் தேனீ குடியிருக்கிறது. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடை தொங்கவிடும் மலைத்தேனீயோ பருவத்துக்குப் பருவம் நூறு கிலோமீட்டருக்கு மேலும் வலசை போகக்கூடியது. அதை எந்தச் சோதனைச் சாவடியும் நிறுத்த முடியாது. ஆனாலும் மலைமேல் மரப்பொந்தில் இருக்கும் ஒரு தேனீக் குடும்பத்துக்கும் தொலைதூரத்தில் பெட்டிகள் நெருக்கிவைத்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் இயற்கையே வைத்த இடைவெளி ஒன்று உண்டு. அந்த இடைவெளியின் அருமை 1991இல் தெரிந்தது.

தென்னிந்தியாவில் பெட்டித் தேனீக்கு ஒரு நூற்றாண்டுக் கதை உண்டு. 1910களில் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பாதிரியார் நியூட்டன், நம் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய குடும்பத்துக்கும் ஏற்ப ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்து ஊர்மக்களுக்குப் பழக்கினார். இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கிராமப் புனரமைப்புப் பணியில் தேனீ வளர்ப்பு வேரூன்றியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகியதும் தேன் பெருகியது. ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்புநீரே அங்கே தேனின் பெரும்பகுதி.

1991, 1992 ஆண்டுகளில் கேரளம், கன்னியாகுமரி, கர்நாடகம் என்று பரவிய ஒரு நோய், தென்னிந்தியப் பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழித்துவிட்டது. 'தாய் சாக்புரூட்' என்பது அதன் பெயர். இங்கே தாய் என்பது தாய்லாந்தைக் குறிக்கிறது. 1976இல் அந்த நாட்டில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது. எழுபதுகளின் இறுதியில் இந்தியாவின் வடகிழக்கில் தலைகாட்டி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தென்கோடியை எட்டியது. வீட்டு முற்றத்தில் நாற்பது ஐம்பது பெட்டி வைத்துப் பிழைத்த குடும்பங்களிடம் வெறும் பெட்டிகள்தான் மிஞ்சின.

இந்த நோய் கொல்வது புழுவை. தேனீயின் புழு வளர்ந்து, அறைக்கு மெழுகு மூடியும் போட்டாயிற்று. இனி கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாக வேண்டிய நேரம். வைரஸ் தாக்கிய புழுவால் அந்தத் தோலை உரிக்க முடிவதில்லை. தோலுக்கும் உடலுக்கும் நடுவே நீர் கோத்துக்கொள்கிறது. இடுக்கியால் மெல்லத் தூக்கினால் நீர் நிரம்பிய பை போல முழுதாக எழுந்து வரும். வெள்ளை வெளிறி மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும். தலை மட்டும் மேலே தூக்கியிருப்பதால், காய்ந்த பிறகு சின்னப் படகு ஒன்று அறைக்குள் கிடப்பது போலிருக்கும்.

செத்த புழுவை வெளியே இழுத்துப்போடுவது இளம் வேலைக்காரத் தேனீக்களின் வேலை. அந்த வேலையில் வைரஸ் அவற்றின் உடலுக்குள் போகிறது. புழுக்களுக்குப் பால் போன்ற உணவைச் சுரக்கும் தலைச் சுரப்பிகளிலும் தங்குகிறது. செவிலித்தாயே நோயைப் பரிமாறுகிறாள். நோயால் செத்த ஒரு புழுவில் இருக்கும் வைரஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகளின் புழுக்களுக்குத் தொற்ற வைக்கப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் வளர்ந்த தேனீயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது; சுறுசுறுப்பாகப் பறக்கும், மகரந்தம் கொண்டுவரும். பெட்டி வாங்குகிறவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு 'நல்ல குடும்பம்' என்று பணத்தைக் கொடுத்துவிடுவார்.

இதற்கு மருந்து கிடையாது. ராணியைச் சில வாரம் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் தடுத்தால் புழு இல்லாத இடைவெளி ஒன்று கிடைக்கும். நோயின் சங்கிலி அறும். நோய்கண்ட அடைகளை அகற்றலாம். அதற்கு மேல், தப்பிப் பிழைத்த குடும்பங்களிலிருந்து மட்டுமே பெருக்க வேண்டும். தெற்கே இந்தியத் தேனீ மீண்டும் எழுந்தது அப்படித்தான். பெட்டியில் மிஞ்சியவை கொஞ்சம், மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் மிஞ்சியவை கொஞ்சம். பஞ்சத்திலும் கைவைக்காமல் எடுத்துவைத்த விதைநெல் போலக் காடுகள் அவற்றை வைத்திருந்தன. கல்வராயன் மலையின் பொந்துகளில் இன்று இருப்பவையும் அந்த விதைநெல்தான்.

இதே சாக்புரூட் நோயின் இன்னொரு வகை ஐரோப்பியத் தேனீக்கும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே அது சில புழுக்களைக் கொன்றுவிட்டுத் தானே அடங்கிவிடும். நம் தேனீயிடம் வந்த வகைதான் கூட்டையே காலிசெய்தது. இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது வரோவா உண்ணியின் கதை. ஊசித் தலை அளவுள்ள, சிவந்த பழுப்பு நிற உண்ணி அது. அதன் பூர்வீக வீடு, நம் தேனீயும் சேர்ந்த ஆசியத் தேனீயின் கூடு. இங்கே அது பெரும்பாலும் ஆண் தேனீக்களின் அறையில் மட்டுமே பெருகும். வேலைக்காரத் தேனீக்கள் ஒன்றையொன்று நீவிச் சுத்தம் செய்து, உண்ணியைக் கடித்து எறிந்துவிடும். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்ததில் வந்த பழக்கம். ஐரோப்பியத் தேனீயை மனிதர்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது உண்ணி தாவியது. பழக்கமில்லாத அந்தத் தேனீயிடம் வேலைக்காரப் புழுக்களிலும் பெருகி, உலகம் முழுக்கப் பெட்டிகளைச் சாய்த்தது.

2007இல் ஹவாயின் ஓவாஹு தீவில் வரோவா காலடி வைத்தது. உண்ணி வந்த தீவுகளையும் வராத தீவுகளையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு, சிறகைச் சுருக்கும் வைரஸ் ஒன்று சுமார் பத்து விழுக்காடு கூடுகளில் மட்டும் பதுங்கியிருந்த நிலை மாறி, உண்ணி வந்தபின் எல்லாக் கூடுகளிலும் பரவியதைக் காட்டியது. அதைவிடக் கவலை தந்தது இன்னொன்று: அந்த வைரஸில் முன்பிருந்த பல வகைகள் மறைந்து, கொடிய வகை ஒன்றே எங்கும் நிலைத்துவிட்டது. உண்ணி ஊசிபோலத் துளைத்து வைரஸை நேரே உடலுக்குள் செலுத்தியதால் நேர்ந்தது இது.

வெளித் தேனீயை உள்ளே விடக் கூடாது என்ற ஞானம் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் 1885லேயே சட்டமாகிவிட்டது. இத்தாலியின் லிகூரியாவிலிருந்து வந்த தேனீக்களைக் கலப்பில்லாமல் காக்கப் போட்ட சட்டம் அது. இன்றும் அந்தத் தீவுக்குத் தேனீயோ பழைய பெட்டியோ தேனோ கொண்டுபோக முடியாது. ஸ்காட்லாந்தின் கொலன்சே, ஒரன்சே தீவுகளில் அங்குள்ள கருந்தேனீக்காக 2014 முதல் வேறு தேனீ இனங்களுக்குத் தடை உண்டு. கடல் இருந்தும் அவர்களுக்குச் சட்டம் தேவைப்பட்டது. இதில் நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. 2007இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் ஒரு பாய்மரப் படகின் கம்பத்தில் குடியேறியிருந்த அன்னியத் தேனீயை ஒழிக்க நான்கு ஆண்டு பாடுபட்டுக் கைவிட்டார்கள். அந்த அன்னியன், நம் பொந்துத் தேனீயின் ஜாவாக் கிளை. எந்தத் தேனீயும் தன் ஊரில் நல்லதுதான். ஊர் மாறும்போதுதான் வினை.

கல்வராயனில் கடலும் இல்லை, அப்படியொரு சட்டமும் வேண்டியதில்லை. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தேன் புதிதல்ல. கடுக்காய், புளியோடு தேனும் அவர்கள் காட்டிலிருந்து எடுப்பது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே சிறு வனப் பொருட்களில் தேனைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எந்த மரத்தில் எந்தப் பொந்தில் கூடு இருக்கிறது என்று அறிந்தவர்களிடம், முன்பின் தெரியாத ஊரின் தேனீயைக் கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது? 2017இல் காதி கிராமத் தொழில் ஆணையம் தொடங்கிய தேன் இயக்கம், 2020இல் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கிய தேசியத் தேனீ வளர்ப்பு இயக்கம் என்று இப்போது பெட்டிக்குப் பணம் இருக்கிறது. குடும்பத்தோடு பெட்டி கொடுத்தால் கணக்குக் காட்டுவது எளிது என்பதும் எனக்குப் புரிகிறது. ஒரு நிதியாண்டுக்குள் நூறு பெட்டி நிரம்ப வேண்டும் என்றால் வேனில்தான் ஏற்ற வேண்டும். மலையிலுள்ள பொந்துத் தேனீயை மலையிலேயே பெருக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அந்த ஆண்டுகளைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வழி கடினமானதல்ல. இடிந்த சுவரிலோ விழுந்த மரத்திலோ இருக்கும் கூட்டை எடுக்கும்போது, புழு உள்ள அடையைச் சிதைக்காமல் அறுத்து, மரச் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டுவார்கள். இரண்டு மூன்று நாளில் தேனீக்கள் மெழுகு வைத்து ஒட்டிவிடும். நாரைத் தாமே கடித்து இழுத்துப் போட்டுவிடும். ராணி பெட்டிக்குள் போய்விட்டால் மற்றவை பின்னாலேயே நுழையும். நம் தேனீ கொஞ்சம் முசுடு, பிடிக்காவிட்டால் கூட்டத்தோடு ஓடிவிடும். அதனால் சில நாள் வாசலில் ராணித் தடுப்புத் தகடு வைக்க வேண்டும். குடும்பம் வலுத்ததும் பிரித்துப் பெருக்கலாம். காட்டுப் பொந்துகளையெல்லாம் காலி செய்யக் கூடாது; விதைநெல்லைக் குத்தித் தின்ற கதையாகிவிடும்.

மழைக்காலத்தில் பூ இல்லாமல் தேனீ பட்டினி கிடக்கும்போது சர்க்கரைப் பாகு வைக்கலாம், கடைத் தேனை வைக்கக் கூடாது. புழுவை அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பல பத்தாண்டு உயிரோடு கிடப்பவை, தேனிலும் இருக்கும். மனிதருக்கு அவை ஒன்றும் செய்யாது, தேனீப் புழுவுக்கு எமன். வேறு ஊரின் பழைய பெட்டி, பழைய அடை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். வெளிக் குடும்பம் வந்தே தீரும் என்றால், மலையேற்றுவதற்கு முன் அடிவாரத்தில் ஆறு வாரம் தனியே வைக்க வேண்டும். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர மூன்று வாரம். இரண்டு சுற்றுப் பார்த்தால்தான் புழுவின் நலம் கண்ணுக்குத் தெரியும். மூடியில் ஓட்டை விழுந்த அறை, தலை தூக்கிய புழு ஒன்று தென்பட்டாலும் அந்தப் பெட்டி மேலே போகக் கூடாது. ஆறு வாரமும் முழு உத்தரவாதம் இல்லை, வளர்ந்த தேனீக்குள் வைரஸ் சத்தமில்லாமல் இருக்கும் என்பதால்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த வழி, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. உள்ளே பழைய மெழுகு தேய்த்த வெறும் பெட்டி ஒன்றை, கூட்டம் பிரியும் காலத்தில் நிழலான மரக்கவட்டில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அந்த மெழுகும் அதே மலையுடையதாக இருக்கட்டும். முதலில் ஒன்றிரண்டு தேனீ வரும். வாசலில் உட்காரும், உள்ளே போகும், சுவரெல்லாம் நடந்து பார்க்கும், வெளியே வந்து பெட்டியைச் சுற்றிப் பறக்கும். இவை வீடு பார்க்க வந்த வேவுத் தேனீக்கள். மறுநாள் பத்து இருபதாக வரும். பிறகு ஒரு நண்பகலில், காடே இரைவது போன்ற ஒலியோடு, ராணியை நடுவில் வைத்துக்கொண்டு முழுக் கூட்டமும் வந்து இறங்கும்.