போலி வாக்காளர் என்னும் சொல்: திருப்பூரிலிருந்து சில குறிப்புகள்

கள்ள ஓட்டு என்பது ஒரு செயலின் பெயர். செத்துப்போனவர் பேரிலோ வெளியூர் போனவர் பேரிலோ இன்னொருத்தன் போய்க் குத்திவிட்டு வருவது. போலி வாக்காளர் என்பது அப்படியல்ல, அது ஆளுக்கு வைக்கிற பெயர். செயலை நிரூபிக்கச் சாட்சி வேண்டும், பூத் ஏஜெண்டு வேண்டும். ஆளைக் காட்ட விரல் இருந்தால் போதும். சமீப காலமாக நமது தேர்தல் சொல்லாடல் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்துவிட்டிருக்கிறது. இதில் யாருடைய வாக்கு காணாமல் போகிறது என்பதை விளக்கவே இக்குறிப்புகள். நான் இருப்பது திருப்பூரில் என்பதால் இங்கிருந்தே பேசுகிறேன்.

தேர்தல் மோசடியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2006 அக்டோபரில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் வாக்குச்சாவடிகளில் நடந்த வன்முறையும் கள்ள ஓட்டும் உயர்நீதிமன்றம் வரை போய், 2007இல் பல வார்டுகளில் மறுதேர்தல் நடந்தது. பணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2016 மே மாதம், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில், திருப்பூர் அருகே மூன்று கண்டெய்னர்களில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகும் எங்கள் பணம் என்றது ஸ்டேட் வங்கி. விஷயம் சி.பி.ஐ. வரை போனது. இன்றைக்கும் எங்கள் டீக்கடைகளில் 'அந்தக் கண்டெய்னரு' என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். கவனியுங்கள், இவை எதுவும் வாக்காளர் பட்டியலில் ஒரு ஏழையின் பேர் இருந்ததால் நடந்தவையல்ல. அடியாளாலும் பணத்தாலும் நடந்தவை, அல்லது நடக்கும் என்று நாம் நம்பியவை.

ஆள்மாறாட்டத்துக்குச் சட்டத்தில் ஏற்கனவே வழி உண்டு. வாக்களிக்க வந்தவர் மேல் சந்தேகம் என்றால் ஏஜெண்டு இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் 1961ஆம் ஆண்டு விதிகளின் 49பி-யின்படி தனியாக வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம். (2018இல் 'சர்கார்' படம் வந்தபோதுதான் நம்மில் பாதிப் பேருக்கு இது தெரிந்தது. சினிமாவை ரொம்பவும் திட்டிவிட முடியாது.) இவையெல்லாம் சாவடியில், முகத்துக்கு முகம் நடப்பவை. குற்றம் சாட்டுகிறவன் ஆளைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும், சாட்டப்பட்டவன் அங்கேயே பதில் சொல்லலாம்.

பட்டியலைச் சுத்தம் செய்வது என்பது வேறு காரியம். பீகாரில் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட சிறப்புத் தீவிரத் திருத்தம், ஆகஸ்டு 1 வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேரை இல்லாமல் செய்தது. அந்தப் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடு என்று ஆகஸ்டு 14இல் உச்சநீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. அதே திருத்தம் நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் நடந்தது. டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேல் நீக்கம், 6.41 கோடி 5.43 கோடியானது. இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம். இரட்டைப் பதிவு 3.4 லட்சத்துக்குள். மிச்சம் 66 லட்சத்துக்கும் மேல் 'இடம் பெயர்ந்தோர், இல்லாதோர்'.

இந்தக் கடைசிக் கணக்கைத்தான் நாம் வாசிக்கப் பழக வேண்டும். செத்தவர் பேரை எடுப்பது சரி, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் 97 லட்சம் என்ற எண் மேடைக்கு வரும்போது 'இத்தனை போலி ஓட்டு இருந்திருக்கு பாருங்க' என்று மாறிவிடுகிறது. பட்டியலில் பழைய பேர் கிடப்பது பிழை. அந்தப் பேரில் யாராவது வாக்களித்தால்தான் மோசடி. பிழையை எண்ணிக் காட்டி மோசடி என்று பேர் வைக்கும் இந்த வித்தை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் லட்சக்கணக்கான கள்ள ஓட்டு என்று சொல்லி 2017இல் ட்ரம்ப் அமைத்த குழு, எதையும் நிறுவாமலேயே 2018 ஜனவரியில் கலைக்கப்பட்டது. குழு கலைந்தாலும் பேச்சு கலையவில்லை.

'இல்லாதோர்' என்பவர் யார்? திருப்பூரில் லைன் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறைகள், வரிசையாக, பொதுக் கக்கூஸ். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வர ராத்திரி. வாக்குச்சாவடி அலுவலர் மூன்று முறை வரவேண்டும் என்பது விதி. மூன்று முறை பகலில் வந்தால் மூன்று முறையும் பூட்டுதான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பல இடங்களில் அவர் ஒரு அங்கன்வாடி அம்மா. மையத்துப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கட்டுக்கட்டாகப் படிவத்தையும் சுமந்தவர்.

எனக்குத் தெரிந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர், தேனிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேல். ஆர்டர் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் வீடு, அதனால் நாலு முறை வீடு மாறியவர். 'ஏனுங்க, ஊர்ல கேட்டா நீ திருப்பூர்க்காரன்ங்கறாங்க. இங்க கேட்டா பழைய லிஸ்ட்ல அப்பன் பேரு எங்கங்கறாங்க' என்றார், கொங்குப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்ட குரலில். படிவம் கேட்டது 2002, 2005 காலத்துத் தீவிரத் திருத்தப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த விவரத்தை. விடுபட்ட பிறகு அவர் நிரப்பவேண்டியது புது வாக்காளருக்கான படிவம் 6. நாலைந்து தேர்தலில் விரலில் மை வாங்கியவர் பதினெட்டு வயசுப் பையனோடு வரிசையில் நிற்கவேண்டும். திருப்பூர் மாவட்ட வரைவில் 5.6 லட்சம் அளவுக்குப் பேர் குறைந்ததற்கு, பனியன் தொழிலின் இந்த நாடோடித்தனத்தை விட்டுவிட்டு விளக்கம் சொல்ல முடியாது.

இதுவரை தோழர்கள் தலையாட்டுவீர்கள். இனி வருவதுதான் சங்கடம்.

2025 ஆகஸ்டில், தமிழகப் பட்டியலில் 6.5 லட்சம் வெளிமாநிலத்தவர் சேர்க்கப்படுவதாக ஒரு பேச்சு கிளம்பியது. ப. சிதம்பரம் அதை அபாயம் என்றார். தமிழகத்தில் திருத்தம் இன்னும் தொடங்கவே இல்லை, இரண்டையும் இணைப்பது அபத்தம் என்று ஆணையம் மறுத்தது. ஆனால் 'வடக்கன் ஓட்டு' என்ற சொல் அதற்குள் எங்கள் ஊர்ச் சந்துகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பீகாரில் வாக்குப் பறிப்பு என்று கண்டித்த அதே வாய், இங்கே ஊடுருவல் என்றது.

சட்டம் என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே பதியச் சொல்கிறது. ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே அது வசிப்பிடமாகாது, தற்காலிகமாக ஊரில் இல்லாததாலேயே வசிப்பிடம் போய்விடாது என்கிறது 20ஆம் பிரிவு. அப்படியானால் பத்து வருசமாக அனுப்பர்பாளையத்தில் குடித்தனம் நடத்தி, பிள்ளையை இங்கே தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புகிற பீகார்த் தொழிலாளி எங்கே வாக்காளர்? பீகார்ப் பட்டியலில் அவர் 'நிரந்தரமாக இடம் பெயர்ந்தவர்' என்று நீக்கப்படுவார். அந்த 65 லட்சத்தில் பாதிக்கு மேல் இந்த வகைதான். இங்கே விண்ணப்பித்தால் ஊடுருவுகிறவர் ஆவார். இரண்டு சந்தேகத்துக்கும் நடுவில் அவர் எங்குமே வாக்காளர் இல்லை. வேலைக்குப் போன இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் எந்திரம் ஒன்றை 2022 டிசம்பரில் ஆணையம் முன்வைத்தது. 2023 ஜனவரியில் எதிர்க்கட்சிகள் ஆட்சேபித்தன, அது அங்கேயே நின்றது. ஆட்சேபணைகளில் நியாயம் இருந்தது. ஆனால் மாற்று யோசனை ஒன்றையும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு அரசியலை இந்திக்காரர் ஓட்டு மாற்றிவிடும் என்ற பயத்தைப் பயம் என்ற அளவில் நான் புரிந்துகொள்கிறேன். அரசியல் வாதமாக அதை ஏற்க முடியவில்லை. நாளைக்கு மும்பை தாராவியில் இருக்கும் திருநெல்வேலிக்காரர்களை இதே வார்த்தையில் கேட்டால் என்ன சொல்வோம்? கேட்கவும் செய்திருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டெல்லியிலும் மும்பையிலும் குடிசைவாசிகளைக் குடியுரிமையை நிரூபி என்று கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். 1995இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்சநீதிமன்றம், ஏற்கனவே பட்டியலில் இருப்பவரின் பேருக்கு மதிப்பு உண்டு, விசாரணையில்லாமல் நீக்கக்கூடாது என்றது. சந்தேகப்படுகிறவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்ற இந்த ஒழுங்கு முப்பது வருசத்தில் தலைகீழாகிவிட்டது. அதைத் தலைகீழாக்கியதில் ஆணையத்துக்கு மட்டும் பங்கு என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எதிர்த் தரப்பின் வாக்காளரே பொய் என்று பேசிப் பழகிய எல்லாக் கட்சிக்கும் பங்குண்டு.

டெய்லரிடம் மறுபடி பேசினேன். படிவம் 6 நிரப்பியாயிற்றாம். பக்கத்து அறையில் கைமடிக்கும் ஒடிசாப் பையனும் தனக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். 'எழுதிக் கொடுத்தீங்களா?' என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க. அப்புறம் நம்மளயும் சேத்தி சந்தேகப்படுவாங்க' என்றார்.