உரக்க வாசித்தல் வழி உற்பத்தியாளர், நுகர்வோர் கற்பித்தல்

இக்கட்டுரை பொருளியல் கல்வி பற்றியது. சூழலியலில் உணவுச் சங்கிலி தொடர்பாக வழங்கும் உற்பத்தியாளர், நுகர்வோர் என்னும் சொற்கள் வேறு பொருளுடையவை.

உரக்க வாசித்தல் வழி உற்பத்தியாளர், நுகர்வோர் கற்பித்தல் என்பது, ஆசிரியரோ பெற்றோரோ படக்கதை நூல் ஒன்றைச் சிறுவருக்கு வாய்விட்டு வாசித்து, அக்கதையின் வழியாக அடிப்படைப் பொருளியல் கருத்துகளை அறிமுகப்படுத்தும் கற்பித்தல் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மழலையர் பள்ளி முதல் மூன்றாம் வகுப்பு வரை இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. தாமாக வாசிக்க இயலாத வயதினரும் கதையைக் கேட்டுப் புரிந்துகொள்வர் என்பது இதன் அடிப்படை.

அடிப்படைக் கருத்துகள்

பண்டங்களை ஆக்குபவரும் சேவைகளை வழங்குபவரும் உற்பத்தியாளர் எனப்படுவர். அவற்றைப் பயன்படுத்தித் தம் தேவைகளையும் விருப்பங்களையும் நிறைவு செய்பவர் நுகர்வோர் எனப்படுவர். ரொட்டி சுடுபவர், முடி திருத்துபவர், பேருந்து ஓட்டுநர் ஆகிய மூவரும் உற்பத்தியாளரே. ரொட்டி கையால் தொடக்கூடிய பண்டம். மற்ற இருவரும் வழங்குவன சேவைகள்.

இவை இருவகை மனிதரைக் குறிக்கும் பெயர்கள் அல்ல. ஒரே மனிதர் வெவ்வேறு நேரங்களில் ஏற்கும் இரு பங்குகளைக் குறிக்கும் பெயர்கள். ரொட்டி சுடுபவர் மாலையில் பேருந்தில் ஏறும்போது நுகர்வோர் ஆகிறார். சிறுவருக்குப் புரியவைப்பதற்குக் கடினமான பகுதியும் இதுவே.

வரலாறு

தொடக்க வகுப்புகளில் பொருளியல் கற்பிக்கும் முயற்சிகளுள் லாரன்சு செனெசு என்னும் பொருளியல் அறிஞரின் பணி குறிப்பிடத்தக்கது. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரப் பள்ளிகளில் தம் பாடத்திட்டத்தைச் சோதித்த அவர், 1960களில் "அவர் வொர்க்கிங் வேர்ல்டு" (நமது உழைக்கும் உலகம்) என்னும் பாடநூல் வரிசையை எழுதினார். 1997 இல் பொருளியல் கல்விக்கான தன்னார்வத் தேசியத் தரங்கள் அந்நாட்டில் வெளியிடப்பட்டன. அவற்றில் உள்ள 20 தரங்களில் நான்காம் வகுப்பின் முடிவில் மாணவர் அறிந்திருக்க வேண்டியவையும் வரையறுக்கப்பட்டன. செயின்ட் லூயிசு கூட்டரசு ரிசர்வ் வங்கி, படக்கதை நூல்களை அடிப்படையாகக் கொண்ட பாடக்குறிப்புகளை ஆசிரியர்களுக்கு இலவசமாக வெளியிட்டுள்ளது.

சிறுவரின் புரிதல்

கடையைப் பற்றிச் சிறுவர் தமக்கே உரிய விளக்கங்களைக் கொண்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குஸ்டாவ் யகோடா 1979 இல் வெளியிட்ட ஆய்வு கிளாஸ்கோ நகரச் சிறுவரிடம் நடத்தப்பட்டது. கடைக்காரர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை ஏறத்தாழ 10 வயதுக்கு முன் பலர் உணர்வதில்லை என அது காட்டியது. கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுப்பதைப் பார்த்து, பணம் கிடைக்கும் இடமே கடைதான் எனக் கருதும் இளஞ்சிறுவரும் உண்டு. பொருள் கடையில் தானாகவே இருக்கிறது என எண்ணும் குழந்தைக்கு, அதன் பின்னால் உள்ள உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கதை அந்த உழைப்பைப் படிப்படியாகக் காட்டுகிறது.

பயன்படும் நூல்கள்

எரிக் கார்லின் "பேன்கேக்சு, பேன்கேக்சு!" (1970): காலை உணவாகப் பெரிய அப்பம் கேட்கும் ஜாக் என்னும் சிறுவன், கோதுமையை அறுத்து ஆலைக்குக் கொண்டுசெல்வது முதல் முட்டை, பால், வெண்ணெய், விறகு, பழப்பாகு ஆகியவற்றைச் சேர்ப்பது வரை தானே செய்ய நேர்கிறது. இறுதியில் அப்பத்தை உண்பவனும் அவனே.

டோமி டிபாவோலாவின் "சார்லி நீட்சு எ குளோக்" (சார்லிக்கு ஒரு மேலங்கி வேண்டும், 1973): இடையன் ஒருவன் ஆட்டு மயிரைக் கத்தரித்து, நூற்று, சாயமேற்றி, நெய்து, தைத்துத் தனக்கே அணிந்துகொள்கிறான். இதில் விற்பனை இல்லை. உற்பத்தியும் நுகர்வும் மட்டும் உள்ளன.

டானல்ட் ஹால் எழுதி, பார்பரா கூனி படம் வரைந்த "ஆக்சு-கார்ட் மேன்" (மாட்டு வண்டிக்காரர், 1979): நியூ ஆம்ப்சயர் உழவர் ஒருவர், குடும்பத்தார் அனைவரும் ஆக்கியவற்றில் எஞ்சியவற்றைச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்கிறார். அதே சந்தையில் குடும்பத்துக்கு வேண்டியவற்றை வாங்கித் திரும்புகிறார். விற்பவரே வாங்குபவராவதைக் காட்டும் இந்நூல் 1980 இல் கால்டிகாட் பதக்கம் பெற்றது.

வெரா வில்லியம்சின் "எ செயர் ஃபார் மை மதர்" (என் தாய்க்கு ஒரு நாற்காலி, 1982): சிற்றுண்டிச்சாலையில் உணவு பரிமாறும் தாயின் வருவாயிலிருந்து சில்லறை சேர்த்துக் குடும்பம் ஒரு நாற்காலி வாங்குகிறது. சேவையும் உற்பத்தியே என்பதை விளக்க இது உதவுகிறது.

வாசிக்கும் முறை

முதல் வாசிப்பு பொதுவாகக் கதைக்காகவே அமைகிறது. இரண்டாம் வாசிப்பில் ஆசிரியர் சில இடங்களில் நிறுத்திக் கேள்வி எழுப்புகிறார். "இவர் உற்பத்தியாளரா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்னும் விடையே கிடைக்கும். "இந்தப் பக்கத்தில் யார் எதை ஆக்குகிறார்? யார் அதைப் பயன்படுத்துகிறார்?" என்ற கேள்வி குழந்தையைப் பேச வைக்கும். குரோவர் வைட்கர்சுட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கேள்விகள் கேட்டுப் படநூல் வாசிக்கப் பெற்றோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அக்குழந்தைகளின் பேச்சுத்திறன் மேம்பட்டது.

வாசித்த பின், ஒரு தாளை இரண்டாக மடித்து, தாம் ஆக்கிய ஒன்றை ஒருபுறமும் பயன்படுத்திய ஒன்றை மறுபுறமும் வரையச் செய்வது வழக்கம். இரு பங்கும் தமக்கு உண்டு என்பதைக் குழந்தை தன் தாளிலேயே காண்கிறது.

சிக்கல்கள்

இம்முறையில் கவனிக்க வேண்டிய சில இடர்கள் உள்ளன.

சொற்குழப்பம்: கோழி முட்டையிடுவதால் அது உற்பத்தியாளரா எனச் சிறுவர் கேட்பர். பொருளியலில் கோழியை வளர்ப்பவரே உற்பத்தியாளர். சூழலியலிலோ கோழி ஒரு நுகர்வோர்.

ஊதியமில்லா உழைப்பு: வீட்டில் சமைப்பதற்கும் குழந்தை வளர்ப்பதற்கும் ஊதியம் இல்லை. மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கிலும் அவை சேர்வதில்லை. எனவே சம்பளம் பெறுவோரை மட்டும் உதாரணமாகக் காட்டினால், தன் தாய் எதையும் ஆக்குவதில்லை என்ற முடிவுக்குக் குழந்தை வரக்கூடும்.

நீதிக் கதையாக்கம்: "சிவப்புக் கோழி" நாட்டார் கதையில், உதவ மறுத்த விலங்குகளுக்கு ரொட்டி கிடைப்பதில்லை. இதை மட்டும் வாசித்தால் நுகர்வோர் என்றாலே சோம்பேறி என்ற பொருள் மனத்தில் பதியலாம். கைக்குழந்தையும் நோயாளியும் முதியோரும் பிறர் உழைப்பில் வாழ்வது குற்றமன்று. ஆகவே இக்கதையுடன் வேறு கதையொன்றையும் சேர்த்து வாசிப்பது பொருத்தமானது.

பழைய வாழ்முறை: மேற்கண்ட நூல்களில் பல, ஒருவரோ ஒரு குடும்பமோ முழுப் பொருளையும் ஆக்கிய காலத்தைக் காட்டுகின்றன. இன்றைய சட்டை ஒன்றில் பருத்தி உழவர், ஆலைத் தொழிலாளர், தையல் தொழிலாளர், வண்டியோட்டுநர் எனப் பலரது உழைப்பு சேர்ந்துள்ளது. கதை முடிந்ததும் வகுப்பறையில் உள்ள ஒரு பொருளை எடுத்து, அது யார் யார் கைகளைக் கடந்து வந்தது என வினவுவது இக்குறையை ஓரளவு நீக்கும்.